பாற் பரிசோதனையும் அதிகாரப் பங்கீடும் – ஒரு வரலாற்று நோக்கு

திரியாய் என்னும் பெயர் வரலாறு பயில்வோருக்குப் புதியதன்று. திருகோணமலை நகருக்கு வடக்கே, குச்சவெளியையும் கடந்து, கடலுக்கும் காட்டுக்கும் இடையே கிடக்கும் இவ்வூரின் குன்றிலே பல்லவ கிரந்த எழுத்திற் பொறிக்கப்பெற்ற வடமொழிக் கல்வெட்டொன்று உண்டு. திரபுசகர், வல்லிககர் எனப் பெயர் பெற்ற வணிகக் குழுவினர் இங்குள்ள கிரிகண்டி சைத்தியத்தை அமைத்தனர் என்பது அதன் செய்தி. திரியாய் பற்றி எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை இக் கல்வெட்டோடும் அக் கட்டடத்தோடும் நின்றுவிடுகின்றன. நெல்லையும் மாட்டையும் நம்பி வாழ்ந்த குடிகளின் தொழில் வரலாறு நூல்களில் இடம்பெறுவது அரிது. அத்தொழிலின் ஒரு கூறாகிய பாலை எடுத்துக்கொண்டு, அதனைச் சோதிக்கும் அதிகாரம் யார் கையில் இருந்து வந்துள்ளது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோலாக அமைந்தது என் குடும்பத்தில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம். 1985ஆம் ஆண்டில் திரியாய் மக்கள் தம் ஊரை விட்டு இடம்பெயர நேர்ந்தது. நெடுங்காலத்தின் பின் திரும்பி வந்தவர்களுள் என் தாய்மாமனும் ஒருவர். நான்கு கறவைகளோடு அவர் தம் பழைய தொழிலை மீண்டுந் தொடங்கினார். ஒருநாட் காலை அவர் கொண்டுசென்ற பால் கொள்வனவு செய்யுமிடத்திலே திருப்பி அனுப்பப்பட்டது. என்ன குறை என்று அவர் கேட்டதற்கு, "பால்மானி சொல்லுது அண்ணை, நான் என்ன செய்ய?" என்பதே விடையாகக் கிடைத்தது. குறையை எழுதிய துண்டு ஒன்றும் தரப்படவில்லை. அன்றைய பால் முழுவதும் தயிருக்கு உறையிடப்பட்டது. மாலையில் மாமா சொன்ன வார்த்தை இன்றும் என் செவியில் உள்ளது: "என்ர பாலை அவங்கள் அளக்கிறாங்கள். அவங்கட அளவை ஆர் அளக்கிறது?"

கல்லாதவர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் ஒருவர் கேட்ட இவ்வினாவே பாற் பரிசோதனை பற்றிய சட்ட வரலாறு முழுவதற்கும் அடிப்படையான வினா என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

விலைக்கான சோதனையும் உயிருக்கான சோதனையும்

பாலிற் செய்யப்படும் சோதனைகளை இருவகையாகப் பிரிக்கலாம். பாலிலுள்ள கொழுப்பு, கொழுப்பல்லாத திண்மப் பொருள், நீர் ஆகியவற்றின் அளவை அறிவது ஒருவகை. நோய்க்கிருமி, நுண்ணுயிர்கொல்லி மருந்து, நச்சுப்பொருள் ஆகியவை உளவா என அறிவது மற்றொரு வகை. முன்னையது விலையை நிர்ணயிக்கும். பின்னையது குடிப்பவரின் உயிரைக் காக்கும்.

பால்மானி முதல் வகையைச் சார்ந்தது. பாலின் அடர்த்தியை மட்டுமே அது காட்டும். பசுப்பாலின் அடர்த்தி நீரின் அடர்த்தியை விடச் சற்றே கூடியது. ஆதலின் நீர் கலந்தால் அளவு தாழும். ஆயின் ஆடையை எடுத்துவிட்டால் அளவு உயரும். எனவே ஆடையை எடுத்துப் பின் நீரைக் கலப்பவன் பால்மானியை எளிதில் ஏமாற்றலாம். பாலின் வெப்பநிலை மாறினாலும் அளவு மாறுபடும். அன்றியும், மடி அழற்சி கண்ட பசுவின் பாலையோ, புறூசெல்லோசிஸ் என்னும் கருச்சிதைவு நோய் கொண்ட பசுவின் பாலையோ அக்கருவி இனங்காட்டாது. நேர்மையானவனைச் சந்தேகிக்கவும் தந்திரக்காரனைத் தப்பவிடவும் கூடிய கருவி அது. ஆயினும் மலிவாலும் எளிமையாலும் அதுவே ஊர்தோறும் நிலைபெற்றது.

பாலின் தூய்மை அரசின் கவலைக்குரிய பொருளாக மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டிலாகும். இலண்டன் நகரில் தோமஸ் வேக்லி நடத்திய 'லான்செற்' என்னும் மருத்துவ ஏட்டின் சார்பில், ஆதர் ஹில் ஹசல் என்னும் மருத்துவர் 1851 முதல் 1854 வரை கடைகளில் விற்கப்பட்ட உணவுகளை ஆராய்ந்து, கலப்படம் செய்தோரின் பெயர்களை வெளிப்படுத்தினார். இதன் விளைவாக 1860இலும் 1872இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றின் குறைகளை நீக்கி 1875இல் இயற்றப்பட்ட உணவு, மருந்து விற்பனைச் சட்டமே பிற்காலச் சட்டங்கள் பலவற்றுக்கும் முன்மாதிரியாயிற்று.

அச்சட்டத்தின் ஓர் ஏற்பாடு ஈண்டு விதந்து கூறற்பாலது. சோதனைக்காக உணவை வாங்கும் அதிகாரி, அதனை மூன்று பங்காகப் பிரித்துத் தருவதாக விற்பவனுக்கு அறிவித்தல் வேண்டும். அவன் இணங்கின், ஒரு பங்கு அவன் கையிலேயே விடப்படும். மற்றொன்று பகுப்பாய்வாளருக்குச் செல்லும். மூன்றாவது பின்னர் எழக்கூடிய பிணக்குக்காக அதிகாரியிடம் வைக்கப்படும். குற்றஞ் சாட்டுபவனின் சோதனையைக் குற்றஞ் சாட்டப்பட்டவனும் சோதிப்பிக்கலாம் என்பதே இதன் உட்கருத்து. அளப்பவனை அளப்பது யார் என்ற வினாவுக்குச் சட்டம் அளித்த முதல் விடை இதுவே எனலாம்.

1901ஆம் ஆண்டின் பால் விற்பனை விதிகள், கொழுப்பு 3 வீதத்துக்கும் கொழுப்பல்லாத திண்மம் 8.5 வீதத்துக்கும் குறையின், மறுதலை நிரூபிக்கப்படும்வரை பால் தூயதன்று எனக் கொள்ளவேண்டுமென விதித்தன. இதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்னர், 1890இல், அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் ஸ்ரீபன் பப்கொக் என்பார் கொழுப்பை அளக்கும் எளிய முறையொன்றைக் கண்டுபிடித்து, அதற்குக் காப்புரிமை பெறாது உலகுக்கு வழங்கினார். நிறையைக் கொண்டு விலை கொடுத்த காலம் மாறிக் கொழுப்பைக் கொண்டு விலை கொடுக்கும் காலம் வந்தது. பாலைக் கெடுக்காத விவசாயிக்கு இது நியாயம் வழங்கியது. ஆயினும் இவையாவும் விலைக்கான சோதனைகளே.

சமஷ்டி ஆட்சியில் ஒரு பரிசோதனை

உயிருக்கான சோதனை வளர்ச்சியுற்ற வரலாற்றை அறிய ஐக்கிய அமெரிக்காவையே நோக்குதல் வேண்டும். அங்கு நகரங்கள் பெருகப் பெருக, தொலைவிலிருந்து வந்த பாலால் கசநோய், நெருப்புக்காய்ச்சல், தொண்டைக் கரப்பான் முதலியன பரவின. நியூயோர்க் நகரில் மதுவடிசாலைக் கழிவை உண்ட மாடுகளின் பால் குழந்தைகளைக் கொல்கின்றதென 1858இலேயே பத்திரிகைகள் முழங்கின. 1893இல் நேதன் ஸ்ட்ராஸ் என்னும் வணிகர் அந்நகரில் ஏழைக் குழந்தைகளுக்காகப் பாஸ்சர் முறைப்படி சூடாக்கிய பாலை வழங்கும் நிலையங்களைத் திறந்தார். 1908இல் சிக்காகோ நகரம் அம்முறையைக் கட்டாயமாக்கியது.

ஆயின் நகரத்துக்கு நகரம் விதி வேறுபட்டது. அமெரிக்கா ஒரு சமஷ்டி நாடு. மக்களின் சுகாதாரம் மாநிலங்களுக்குரிய பொறுப்பு. மத்திய அரசு கட்டளையிட்டால் மாநிலங்கள் எதிர்க்கும். கட்டளையிடாதுவிட்டாற் பால் எல்லை கடந்து நோயைச் சுமக்கும். இம்முரண்பாட்டுக்கு 1924இல் ஒரு வழி காணப்பட்டது. மத்திய அரசின் பொதுச் சுகாதாரச் சேவை மாதிரிப் பால் விதியொன்றை ஆக்கி, விரும்பிய மாநிலங்களும் நகரங்களும் அதனைத் தமது சட்டமாக ஏற்கலாமென விட்டது. 1938ஆம் ஆண்டளவில் உணவாலும் நீராலும் உண்டான நோய்ப் பரவல்களுட் கால் பங்கு பாலால் உண்டானவை; அண்மைக் காலத்தில் அது நூற்றில் ஒன்றுக்கும் குறைந்துவிட்டது என அவ்விதியின் முன்னுரையே கூறுகின்றது.

இதன் அடுத்த படி 1950இல் சென் லூயிஸ் நகரிற் கூடிய மாநிலங்களிடைப் பால் அனுப்புதல் பற்றிய மாநாடாகும். ஒரு மாநிலம் சோதித்த பாலை மற்றொரு மாநிலம் நம்பி ஏற்பது எவ்வாறு என்பதே அங்கு எழுந்த வினா. 1977இல் மத்திய உணவு, மருந்து நிருவாகத்துக்கும் இம்மாநாட்டுக்கும் இடையே உடன்படிக்கை எழுதப்பட்டது. பண்ணைக்குச் சென்று மாதிரி எடுப்பதும் சோதிப்பதும் மாநிலத்தின் வேலை. மாநிலத்தின் வேலையையும் அதன் ஆய்வுகூடங்களையும் சரிபார்ப்பது மத்தியின் வேலை. விதியைத் திருத்துவது இருசாராரும் கூடும் மாநாட்டின் வேலை.

இதன் நடைமுறை நுணுக்கங்கள் சுவையானவை. ஒவ்வொரு பண்ணையிலிருந்தும் ஆறு மாதத்துக்குக் குறைந்தது நான்கு மாதிரிகள் எடுக்கப்படும். பண்ணைப் பாலில் ஒரு மில்லிலீற்றருக்கு 100,000 பற்றீரியாக்களும், சூடாக்கிய பாலில் 20,000 பற்றீரியாக்களுமே உச்ச எல்லை. ஒவ்வொரு பாற் தாங்கி வண்டியும் இறக்கப்படுமுன் நுண்ணுயிர்கொல்லி மருந்துக்காகச் சோதிக்கப்படும். அனைத்துக்கும் மேலாக, ஒரே பாலைப் பல குப்பிகளிற் பிரித்துப் பல ஆய்வுகூடங்களுக்கு அனுப்பி, விடைகள் ஒத்துவருகின்றனவா எனப் பார்க்கும் வழக்கமும் உண்டு. 1875ஆம் ஆண்டுச் சட்டத்தில் விற்பவனுக்கும் அதிகாரிக்கும் இடையே பிரிக்கப்பட்ட குப்பி, இங்கு ஆட்சிகளுக்கு இடையே பிரிக்கப்படுகின்றது.

2024 மார்ச்சு மாதத்தில் டெக்சாஸ், கன்சாஸ் மாநிலங்களின் கறவை மாடுகளிற் பறவைக் காய்ச்சல் வைரசு கண்டுபிடிக்கப்பட்டபோது இவ்வொழுங்கின் பயன் புலப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 6ஆந் திகதி மத்திய விவசாயத் திணைக்களம் நாடு தழுவிய பச்சைப்பாற் சோதனைக்குக் கட்டளை பிறப்பித்து, ஆறு மாநிலங்களோடு வேலையைத் தொடங்கியது. எனினும் இக்கூட்டுறவு தானாக நிலைக்கும் இயல்பினதன்று. 2025 ஏப்ரிலில், மத்தியின் ஆய்வுகூட வலு குறைந்தமையால், பாற் சோதனைக் கூடங்களின் திறனை ஒப்பிட்டு நோக்கும் திட்டம் இடைநிறுத்தப்பட்டது. பல பத்தாண்டுகள் நிலைத்த ஓர் உடன்படிக்கையும் ஆளணி இன்றேற் செயலிழக்கும் என்பதற்கு இது சான்று.

இந்தியாவின் அனுபவம்

நமக்கு அண்மையிலுள்ள இந்தியாவில், உணவுக் கலப்படம் என்னும் விடயம் அரசியலமைப்பின் பொதுப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. மத்தியும் மாநிலமும் இதிற் சட்டமியற்றலாம். 1954ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டத்தின்கீழ் மாநிலப் பகுப்பாய்வாளரின் முடிவை ஏற்காதவர், நீதிமன்றின் மூலம் எஞ்சிய பங்கை மத்திய உணவு ஆய்வுகூடத்துக்கு அனுப்புமாறு கோரலாம். மத்திய கூடத்தின் சான்றிதழே இறுதியானது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் மாதிரியை நான்கு பங்காக்கியது. நான்காம் பங்கு, வணிகர் வேண்டின், அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வுகூடத்துக்குச் செல்லும்.

விலைக்கான சோதனையையும் உயிருக்கான சோதனையையும் ஒன்றெனக் கருதுவதால் விளையும் மயக்கத்துக்கும் இந்தியாவே உதாரணம். 2011ஆம் ஆண்டின் தேசிய அளவீட்டில் 1,791 மாதிரிகளில் ஏறத்தாழ 68 வீதம் விதிக்கு இணங்கவில்லை எனக் கூறப்பட்டதும் நாடே திடுக்குற்றது. 2018இல் 1,103 நகரங்களிலிருந்து 6,432 மாதிரிகளை எடுத்து மீண்டும் ஆராய்ந்தபோது, தரக் குறைபாடு வேறாகவும் உடலுக்குத் தீங்கு வேறாகவும் பிரித்து நோக்கப்பட்டன. கொழுப்பு முதலியவற்றிற் குறைபட்டவை பலவாயினும், உடலுக்குத் தீங்கானவை ஏறத்தாழ 7 வீதமே. அவற்றுட் பெரும்பாலானவை அஃப்ளரொட்சின் என்னும் நச்சைக் கொண்டிருந்தன. பூஞ்சணம் பிடித்த தீனியை உண்ணும் மாட்டின் வழியாகவே அது பாலில் இறங்குகின்றது. அதனைப் பால்மானி காட்டாது. பாலைத் திருப்பி அனுப்புவதும் தீர்க்காது. தீனியைச் சோதித்து, மாடு வளர்ப்போனுக்கு அறிவுரை கூறும் ஒருவர் ஊரில் இருந்தாலன்றி அது நீங்காது.

இலங்கையின் நிலை

இலங்கையில் 1949ஆம் ஆண்டின் உணவு, மருந்துச் சட்டம் நீக்கப்பட்டு, 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் வந்தது. சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகமே இதன்கீழ் பிரதம உணவு அதிகாரி. இதற்கு முன்னரே, 1954ஆம் ஆண்டின் சட்டத்தால், பாலைக் கொள்வனவு செய்து பதப்படுத்துவதற்கெனப் பாற் சபை நிறுவப்பட்டிருந்தது. கொள்வனவு செய்வோர் பாலின் கொழுப்பையும் திண்மத்தையும் கொண்டு விலை தீர்மானிக்கும் முறை நாட்டில் வேரூன்றியது. வாங்குபவரே அளப்பவராகவும் இருக்கும் வழக்கம் இதனோடு நிலைத்தது.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் நிலைமையை மாற்றியது. கால்நடைகளைப் பேணலும் மாகாணத்துள் அவற்றின் நோயைத் தடுத்தலும் மாகாண சபை நிரலிற் சேர்ந்தன. பால் முதலிய கால்நடை விளைபொருள்களின் உற்பத்தியும் விற்பனையும் ஒருங்கியை நிரலில் இடம்பெற்றன. உணவுக் கலப்படமும், இந்திய அரசியலமைப்பிற் போலவே, மத்திக்கும் மாகாணத்துக்கும் பொதுவான ஒருங்கியை நிரலிலேயே வைக்கப்பட்டது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மாகாண நிருவாகத்தின்கீழ் வேலை செய்கின்றார். அவர் பயன்படுத்தும் சட்டமோ மத்தியினுடையது. அவர் எடுக்கும் மாதிரியை ஆராயும் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களமும் மத்தியினுடையது. மாட்டை நோக்கும் அரச கால்நடை வைத்தியர் மாகாணத்தின் அலுவலர். விலங்கு நோய் பற்றிய 1992ஆம் ஆண்டின் சட்டம் மத்தியின் பணிப்பாளர் நாயகத்திடம் அதிகாரத்தைத் தருகின்றது. பாற்பண்ணைகளுக்குத் துணைவிதி ஆக்கவல்லது பிரதேச சபை.

காகிதத்தில் நோக்குமிடத்து, அமெரிக்காவிற் போன்று இங்கும் மூன்று படிகள் உள. ஆயின் ஒரு படியின் வேலையை மற்றொரு படி சோதிக்கும் ஒழுங்கு அங்குபோல் இங்கு வளரவில்லை. வடக்கும் கிழக்கும் 1988இல் இணைக்கப்பட்டு, 2006ஆம் ஆண்டின் உயர் நீதிமன்றத் தீர்ப்பால் பிரிக்கப்பட்டன. கிழக்கு மாகாண சபைக்கு 2008இலும் 2012இலும் தேர்தல் நடந்தது. 2017இல் அச்சபையின் காலம் முடிந்தபின் பல ஆண்டுகள் தேர்தலின்றி ஆளுநரின் நிருவாகமே நடைபெற்றது. மாகாணத்தின் சார்பிற் பேசுதற்குத் தெரிவுசெய்யப்பட்டோர் இல்லாத காலத்தில், மத்தியோடு கூட்டுறவு என்பது கட்டளையை ஏற்றல் என்ற பொருளையே தரும்.

இதன் விளைவை ஒரு வேறுபாட்டாற் காணலாம். 2013இல் நியூசிலாந்துப் பால்மாவிற் புற்றரைகளுக்கு இடும் டி.சி.டி. என்னும் இரசாயனத்தின் சுவடு உண்டென்ற ஐயம் எழுந்தபோது, கொழும்பிற் சோதனைகள் நடைபெற்றன. சில பால்மாக்கள் சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டன. நாளேடுகள் நாள்தோறும் எழுதின. கடல் கடந்து வரும் பாலைக் காக்கத் துறைமுகத்தில் மத்தியின் கண் விழித்திருந்தது. திரியாயிலே பட்டியிற் கறந்த பால் உண்டாக்கும் நோயை அறிய, மாதிரியைப் பனிக்கட்டியிலிட்டு நெடுந்தூரம் அனுப்புதல் வேண்டும். பற்றீரியாச் சோதனைக்குரிய பால் குளிர்நிலை தவறின் வழியிலேயே பொருளிழந்துவிடும். ஆகவே நடைமுறையில் எஞ்சுவது பால்மானியே.

முடிவுரை

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை பெறப்படும். பாற் பரிசோதனையின் வரலாறு கருவிகளின் வரலாறாக மட்டும் அமையவில்லை. ஒரு கையில் இருந்த அளவுகோல் பல கைகளுக்குப் பகிரப்பட்ட வரலாறாகவும் அது அமைந்துள்ளது. 1875இல் விற்பவனும் ஒரு பங்கைப் பெற்றான். 1950இன் பின் மாநிலமும் மத்தியும் ஒன்றையொன்று சோதித்தன. இந்தியச் சட்டம் மாதிரியை நான்காக்கியது. பகிர்வு நிகழ்ந்தவிடத்து நம்பிக்கை பிறந்தது. நம்பிக்கை பிறந்தவிடத்து நோய் குறைந்தது.

நமது நாட்டில் அதிகாரப் பங்கீடு பற்றிய உரையாடல் பெரும்பாலும் காணி, பொலிசு என்னும் இரு சொற்களோடு நின்றுவிடுகின்றது. பாலைப் போன்ற எளிய பொருளிலேயே அதன் தேவையை ஊர் மக்கள் நாள்தோறும் உணர்கின்றனர். மடி அழற்சியைக் காட்டும் கலிபோர்னியாச் சோதனைக்குச் சில துளி இரசாயனமும் நான்கு குழியுள்ள ஒரு தட்டும் போதும். கால்நடை வைத்தியர் அதனைப் பட்டியிலேயே செய்யலாம். புறூசெல்லோசிஸை அறியும் பால் வளையச் சோதனையும் பெரும் பொருட்செலவு கோருவதன்று. இவற்றை மாகாணம் செய்யட்டும். திருகோணமலையில் அமையும் ஓர் ஆய்வுகூடத்தின் விடைகளை மத்தியின் கூடம் பிரித்த குப்பிகளாற் சரிபார்க்கட்டும். பால் திருப்பி அனுப்பப்படுமிடத்து, காரணம் எழுதிய துண்டும் முத்திரையிட்ட ஒரு குப்பியும் மாட்டுக்காரன் கையில் தரப்படட்டும். இம்மூன்றனுள் எதுவும் புதிய கண்டுபிடிப்பன்று. மூன்றாவது நூற்றைம்பது ஆண்டுப் பழமையுடையது.

திரியாய்க் குன்றின் கல்லிற் சைத்தியம் அமைத்த வணிகரின் பெயர் நின்று நிலவுகின்றது. அவ்வூரிற் பால் கறப்பவர் தம் பெயரைக் கல்லிற் பொறிக்குமாறு கேட்கவில்லை. தம் பாலைப் பற்றிய தீர்ப்பை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தருமாறே கேட்கின்றனர். அதனை வழங்க மத்தியும் மாகாணமும் இணையுமாயின், என் மாமனின் வினாவுக்கு விடை கிடைக்கும்.